மின்காந்த அலையை உறிஞ்சும் அடுக்கு நானோகலவைகள்: பெரிய எண்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு

தலைமுடி அளவே தடிமன் கொண்ட ஒரு படலம் ரேடார் அலையை 99.999% "விழுங்கிவிடுகிறது" என்றோ, புதிய நானோகலவை ஒன்று −60 டெசிபல் (ஒவ்வொரு 10 டெசிபலும் ஆற்றலைப் பத்தில் ஒரு பங்காக்கும்) எட்டியது என்றோ செய்திகள் வருகின்றன. இவற்றைத் தொடர்ந்து படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இவ்வளவு பொருட்கள் எல்லா அலையையும் உறிஞ்சுகின்றன என்றால், இன்னும் இந்தத் துறையில் ஆய்வு எதற்கு?

ஒரே மாதிரியான எண்களால் இரண்டு வெவ்வேறு வேலைகள் குறிக்கப்படுவதுதான் குழப்பத்தின் வேர். அலையைத் தடுப்பது எளிது. அதை உள்ளே வரவிட்டு, திரும்பிப் போகாமல் வெப்பமாக மாற்றுவது கடினம். அடுக்கு வடிவமைப்பு தேவைப்படுவது இந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

## தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு

ஒரு பொருளின் மீது விழும் அலை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது, ஒரு பங்கு பொருளைக் கடந்து மறுபுறம் போகிறது, மீதி பொருளுக்குள்ளேயே வெப்பமாகிறது. மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் 100%.

10 கிகாஹெர்ட்ஸ் அலை செம்புக்குள் 0.66 மைக்ரோமீட்டர் போவதற்குள் அதன் வீச்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்துவிடும். ஆகவே மெல்லிய செம்புத் தகடே அலையை முழுதாகத் தடுத்துவிடும். ஆனால் கிட்டத்தட்ட எல்லா ஆற்றலையும் வந்த பக்கமே திருப்பி அனுப்பிவிடுகிறது. ரேடாரிலிருந்து மறைய வேண்டிய பொருளுக்கோ, ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும் மின்சுற்றுகளுக்கோ இதனால் பயன் இல்லை.

2016இல் தென்கொரிய, அமெரிக்க ஆய்வாளர்கள் டைட்டானியம் கார்பைடு மேக்ஸீனால் ஆன 45 மைக்ரோமீட்டர் படலத்தில் 92 டெசிபல் தடுப்பை அளந்தார்கள். மேக்ஸீன் என்பது 2011இல் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட இருபரிமாணக் கார்பைடு குடும்பம். 92 டெசிபல் அருமையான சாதனைதான். ஆனால் அது தடுப்புக்கான எண். உறிஞ்சலுக்கான எண் என்று அதைப் படிக்கக் கூடாது.

ஆய்வுக் கட்டுரைகளிலேயே இதில் ஒரு பொறி இருக்கிறது. மொத்தத் தடுப்பை "பிரதிபலிப்பால் வந்தது", "உறிஞ்சலால் வந்தது" என்று டெசிபலில் பிரித்து எழுதுவது வழக்கம். ஒரு படலம் 90% அலையைத் திருப்பி அனுப்புகிறது, 0.001% மட்டுமே கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடுப்பு 50 டெசிபல். அதில் பிரதிபலிப்பின் பங்கு 10 டெசிபல், உறிஞ்சலின் பங்கு 40 டெசிபல். உடனே "80% உறிஞ்சல் வழியே தடுக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் உறிஞ்சப்பட்டது வந்த ஆற்றலில் 10% கூட இல்லை. இரண்டாவது எண் உள்ளே நுழைந்த சிறு பங்கை மட்டுமே கணக்கில் எடுப்பதுதான் காரணம். எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது: எத்தனை விழுக்காடு திரும்பிப் போனது?

## தேவையான சொற்கள்

பிரதிபலிப்பு இழப்பு: உலோகத் தகட்டின் மேல் உறிஞ்சியை ஒட்டி, அலையைச் செலுத்தி, திரும்பி வருவதை அளந்து டெசிபலில் சொல்வது. −10 டெசிபல் என்றால் 10% திரும்புகிறது, 90% உறிஞ்சப்பட்டது. −20 என்றால் 99%, −30 என்றால் 99.9%. உலோகத்தைத் தாண்டி எதுவும் போகாது என்பதால் இந்த அளவீட்டில் உறிஞ்சல் எவ்வளவு என்பதில் மயக்கம் இல்லை.

விடுதிறன்: மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினை. இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. மெய்ப்பகுதி ஆற்றலைத் தேக்கி அலையை மெதுவாக்குகிறது. இழப்புப் பகுதி ஆற்றலை வெப்பமாக்குகிறது. காந்தப்புலத்துக்கு இதே போன்ற அளவு உட்புகுதிறன். காந்தத்தன்மை இல்லாத பொருளுக்கு அதன் மதிப்பு 1.

இம்பீடன்ஸ்: அலையின் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம். வெற்றிடத்தில் இது 377 ஓம். ஒரு பொருளில், உட்புகுதிறனை விடுதிறனால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் 377ஐப் பெருக்கினால் கிடைக்கும். காற்றிலிருந்து பார்க்கும்போது உறிஞ்சியின் முகம் 377 ஓமாகத் தெரிந்தால் அலை தயக்கமின்றி உள்ளே நுழையும். எவ்வளவு விலகித் தெரிகிறதோ அவ்வளவு திரும்பும்.

நானோகலவை: பாலிமர் போன்ற தாங்கு பொருளுக்குள், ஒரு பரிமாணமாவது 100 நானோமீட்டருக்குக் கீழே இருக்கும் நிரப்பியைக் கலந்தது.

## இழப்பைக் கூட்டினால் உறிஞ்சல் கூடுமா?

கூடாது. ஒரு சிறு கணக்கு போதும். உலோகத்தின் மேல் 2.5 மி.மீ. தடிமனில் காந்தமற்ற ஓர் அடுக்கு. விடுதிறனின் மெய்ப்பகுதி 9. அதன் வர்க்கமூலம் 3. 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 30 மி.மீ., பொருளுக்குள் 10 மி.மீ. ஆக, 2.5 மி.மீ. என்பது சரியாகக் கால் அலைநீளம். மேற்பரப்பில் திரும்புவதும் உலோகத்தில் பட்டு வருவதும் எதிரெதிர்க் கட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும் தடிமன் இது.

இப்போது இழப்புப் பகுதியை மட்டும் மாற்றுவோம்:

1. இழப்புப் பகுதி 1: பிரதிபலிப்பு இழப்பு சுமார் −4.6 டெசிபல். 34% திரும்புகிறது.
2. இழப்புப் பகுதி 4: சுமார் −25 டெசிபல். 0.3% திரும்புகிறது.
3. இழப்புப் பகுதி 8: சுமார் −9 டெசிபல். 12% திரும்புகிறது.

4இலிருந்து 8க்குப் போனபோது பொருள் இரண்டு மடங்கு "உறிஞ்சும் திறன்" பெற்றது, ஆனால் திரும்பும் ஆற்றல் 35 மடங்குக்கு மேல் கூடியது. தடிமனைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் இது திருந்தாது. முகத்தின் இம்பீடன்ஸ் 377 ஓமிலிருந்து அதில் பாதியளவுக்கு இறங்கிவிட்டதுதான் காரணம்.

இழப்புப் பகுதி 4 முழுதும் மின்கடத்தலால் வருவதாக வைத்துக்கொண்டால், 10 கிகாஹெர்ட்ஸில் தேவைப்படும் கடத்துதிறன் மீட்டருக்கு 2.2 சீமன்ஸ் மட்டுமே. செம்பின் கடத்துதிறன் 5.8 கோடி. கிராபீன் அபாரமாகக் கடத்தும், மேக்ஸீன் உலோகம் போலக் கடத்தும் என்பவை உறிஞ்சி வடிவமைப்பாளருக்கு நல்ல செய்தி அல்ல. அந்தக் கடத்துதலை மிகக் கவனமாக நீர்க்கச் செய்வதில்தான் அவருடைய உழைப்பு போகிறது.

## இரண்டாவது அடுக்கு என்ன செய்கிறது?

மேலே தோற்றுப்போன அதே பொருளை (மெய்ப்பகுதி 9, இழப்புப் பகுதி 8, தடிமன் 2.5 மி.மீ.) எடுத்துக்கொள்வோம். அதன் மேல் விடுதிறன் 2 கொண்ட, இழப்பே இல்லாத 5.3 மி.மீ. அடுக்கை வைப்போம். டெஃப்லானின் விடுதிறன் 2.1 என்பதால் இது கற்பனைப் பொருள் அல்ல. 5.3 மி.மீ. என்பது இந்தப் பொருளுக்குள் கால் அலைநீளம். கால் அலைநீள அடுக்கு ஓர் இம்பீடன்ஸ் மாற்றி போல் வேலை செய்கிறது: கீழே பாதியாகத் தெரிந்த இம்பீடன்ஸை மேலே 377 ஓமுக்கு அருகே கொண்டுவருகிறது.

விடுதிறன் அதிர்வெண்ணோடு மாறாது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால்:

- முதல் வடிவம், ஒற்றை அடுக்கு (இழப்புப் பகுதி 4): 8 கிகாஹெர்ட்ஸில் −5.5, 10இல் −25, 12இல் −9.7 டெசிபல்.
- இரட்டை அடுக்கு: 8 கிகாஹெர்ட்ஸில் −11.5, 10இல் −19, 12இல் −13 டெசிபல்.

செய்தியில் இடம்பிடிப்பது −25தான். ஆனால் 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை எங்கும் 90%க்கு மேல் உறிஞ்சுவது இரண்டாவதுதான். ஒற்றை அதிர்வெண்ணில் −60 காட்டுவது பெரும்பாலும் தடிமனும் இழப்பும் தற்செயலாகப் பொருந்திய ஒரு புள்ளி. −20க்கும் −60க்கும் நடைமுறை வேறுபாடு 1% ஆற்றல் மட்டும். பட்டை அகலமே, அதாவது 90%க்கு மேல் உறிஞ்சப்படும் அதிர்வெண்களின் வீச்சே, மதிப்புள்ள அளவு.

இதற்குக் கொடுத்த விலை தடிமன்: 2.5 மி.மீ. இப்போது 7.8 மி.மீ. ஆகிவிட்டது. அடுக்குகளின் விடுதிறனைப் படிப்படியாக உயர்த்துவது, மேல் அடுக்கிலேயே சிறிது இழப்பைச் சேர்ப்பது, கீழே காந்தப் பொருள் வைப்பது ஆகியவை எல்லாம் இந்த விலையைக் குறைக்கும் முயற்சிகளே.

## எந்தப் பொருள் எந்த அடுக்கில்?

உலோகத் தகட்டின் மேற்பரப்பில் மின்புலம் ஏறத்தாழ சுழி. காந்தப்புலம் அங்கே உச்சம். கால் அலைநீளம் தள்ளி மின்புலம் உச்சம். இந்த ஒரு உண்மையே அடுக்குகளின் வரிசையைத் தீர்மானிக்கிறது.

வின்ஃபீல்ட் சாலிஸ்பரியின் பெயரால் அறியப்படும் திரை (1952 காப்புரிமை) இதன் தூய வடிவம்: உலோகத்திலிருந்து கால் அலைநீளம் தள்ளி, சதுரத்துக்கு 377 ஓம் மின்தடை கொண்ட ஒரே தாள். 10 கிகாஹெர்ட்ஸுக்கு 7.5 மி.மீ. இடைவெளி. அதே தாளை உலோகத்தின் மேலேயே ஒட்டினால் பயன் துளியும் இல்லை, ஏனெனில் அங்கே அதை இயக்க மின்புலமே கிடையாது. பல மின்தடைத் தாள்களை அடுக்கும் யௌமான் உறிஞ்சி இதன் விரிவாக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் காற்றுக்குழாய்களை ரேடாரிலிருந்து மறைக்கப் பயன்பட்டது.

இதன்படி வரிசை இப்படி அமையும். உலோகத்தை ஒட்டிக் காந்த அடுக்கு: கார்போனைல் இரும்புத்தூள், ஃபெரைட், கோபால்ட் துகள் பொதிந்த கார்பன். அதன் மேல் கார்பன் நானோகுழாய் அல்லது ஒடுக்கிய கிராபீன் ஆக்சைடு கொண்ட மின் இழப்பு அடுக்கு. வெளியே விடுதிறன் குறைந்த பொருத்த அடுக்கு: நுரை, உள்ளீடற்ற கண்ணாடி நுண்கோளங்கள் கலந்த எப்பாக்ஸி, அல்லது நிரப்பி மிகக் குறைந்த பாலிமர். காந்தப் பொருளை வெளிப்பக்கம் வைத்துவிட்டு "எதிர்பார்த்த பலன் இல்லை" என்று அதைக் குறைகூறும் வடிவமைப்புகள் நிறைய உண்டு.

## நானோ எதற்கு?

முதல் காரணம் சுழல் மின்னோட்டம். இரும்புத் துகள் அலையின் ஊடுருவு ஆழத்தை (செம்பில் நாம் பார்த்த 0.66 மைக்ரோமீட்டர் போன்ற தூரம்) விடப் பெரிதாக இருந்தால், மேற்பரப்பில் ஓடும் சுழல் மின்னோட்டம் உள்பகுதியைக் காந்தப்புலத்திலிருந்து மறைத்துவிடும். துகளின் பெரும்பகுதி வெறும் எடையாகத் தொங்கும். துகளைத் தட்டையான செதிலாக்கி தடிமனை ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழே கொண்டுவருவதும், சிலிக்கா போன்ற மின்காப்புத் தோல் போர்த்துவதும் இதற்காகத்தான். செதில் வடிவம் இன்னொரு வகையிலும் உதவுகிறது. காந்த உட்புகுதிறனும் அது நீடிக்கும் அதிர்வெண்ணும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் என்கிற ஸ்னோக் வரம்பை (1948) கோளத் துகள்களால் தாண்ட முடியாது; தட்டையான துகள்கள் ஓரளவு தாண்டும்.

இரண்டாவது, வடிவ விகிதம், அதாவது தடிமனைப் போல் நீளம் எத்தனை மடங்கு என்பது. நானோகுழாய்கள் நீளமானவை என்பதால் எடையில் 1%க்கும் குறைவான அளவிலேயே ஒன்றையொன்று தொட்டு மின்கடத்தும் வலையாகிவிடும். கார்பன் கரித்தூளுக்கு இதைவிடப் பல மடங்கு தேவை. இலேசான உறிஞ்சி வேண்டும் என்றால் இது பெரிய வரம். அதே நேரம் இதுவே பெரிய ஆபத்தும்: வலை உருவாகும் வரம்புக்கு அருகே 0.2% கூடினால்கூட இழப்புப் பகுதி பல மடங்கு தாவும். மேலே பார்த்த 4க்கும் 8க்கும் இடையிலான தூரம் அந்த அளவுதான்.

மூன்றாவது, இடைமுகங்கள். கடத்தும் துகளும் கடத்தாத பாலிமரும் சந்திக்கும் பரப்பில் மின்னூட்டம் தேங்கி, புலம் திசை மாறும்போதெல்லாம் பின்தங்கி ஆற்றலை இழக்கும். துகள் சிறுத்தால் இந்தப் பரப்பு பெருகும். இது உண்மை. ஆனால் எந்த நல்ல முடிவுக்கும் "இடைமுக முனைவாக்கம்" என்று காரணம் எழுதிவிடும் பழக்கத்தை ஏற்க முடியவில்லை. கார்பன் சார்ந்த கலவைகளில் எளிய மின்கடத்தல் இழப்பே பெரும்பங்கு வகிக்கலாம். அதைக் கழித்துக் காட்டாமல் மற்றதைப் பேசுவதில் பொருள் இல்லை.

## செய்முறையும் அதில் தவறுவதும்

1. இலக்கை முதலில் கணக்கிடுக. எந்தப் பட்டை, எவ்வளவு தடிமன், எந்த விடுதிறன் என்று தெரியாமல் பொருளைத் தயாரித்துவிட்டுப் பயன் தேடுவது வீண் வேலை.

2. அளவுத் தொடர் ஒன்று தயாரிக்க. எப்பாக்ஸியில் நானோகுழாய் எடையளவில் 0.25, 0.5, 1, 2, 3% என்று ஐந்து மாதிரிகள். ஒவ்வொன்றின் விடுதிறனையும் அளந்து வரைபடமாக்கினால் தாவும் இடம் தெரியும். தாவலின் உச்சியில் உள்ள விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; அடுத்த முறை கலக்கும்போது அதே மதிப்பு வராது.

3. பிரித்துக் கலத்தல். நானோகுழாய்கள் கட்டியாகவே வரும். மீயொலிக் கருவியோ மூன்று உருளை அரவையோ வேண்டும். மீயொலி சூடேற்றும் என்பதால் பாத்திரம் பனிக்கட்டித் தொட்டியில் இருக்க வேண்டும். அதிக நேரம் செலுத்தினால் குழாய்கள் முறிந்து குட்டையாகும். அப்போது அதே எடையில் வலை உருவாகாது. மங்கலாக, திட்டுத் திட்டாகத் தெரியும் கலவையை அப்படியே வார்த்தால், ஒரே தகட்டின் இரு மூலைகள் இருவேறு பொருளாக இருக்கும்.

4. காற்று நீக்கல். நிரப்பி சேர்ந்த எப்பாக்ஸி கெட்டியாகிக் குமிழிகளைப் பிடித்துவைக்கும். இறுக்கும் பொருளைச் சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் வெற்றிடத்தில் வைக்க வேண்டும். தங்கும் குமிழிகள் விடுதிறனைக் குறைத்து, உறிஞ்சும் அதிர்வெண்ணை மேலே தள்ளும்.

5. காந்த அடுக்கில் படிவு. இரும்பின் அடர்த்தி எப்பாக்ஸியைப் போல் ஆறேழு மடங்கு. மெதுவாக இறுகும் கலவையில் இரும்பு கீழே இறங்கிவிடும். இறுகத் தொடங்கும் தறுவாயில் வார்ப்பது, புகைச் சிலிக்கா சேர்த்துக் கெட்டியாக்குவது ஆகியவை வழி. எடையையும் மறக்கக் கூடாது: 70% எடை கார்போனைல் இரும்பு என்பது கன அளவில் 26% மட்டுமே, ஆனால் 2 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் 5.7 கிலோ வரும்.

6. அடுக்கின் மேல் அடுக்கு. கீழ் அடுக்கு அரைகுறையாக இறுகிய நிலையில் மேல் அடுக்கை வார்த்தால் இரண்டும் வேதிப்பிணைப்பால் ஒட்டும். முழுதாக இறுகிவிட்டால் மணல்தாளால் உரசி, கரைப்பானால் துடைத்த பின்பே வார்க்க வேண்டும். தவறினால் சூடேறிக் குளிரும்போது அடுக்குகள் பிரியும். அடியில் உள்ள உலோகம் அலுமினியம் என்றால், எப்பாக்ஸி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும்.

7. தடிமன். 2.5 மி.மீ. அடுக்கில் 0.1 மி.மீ. பிழை என்பது 4%. உறிஞ்சும் உச்சம் 10 கிகாஹெர்ட்ஸிலிருந்து 0.4 நகர்ந்துவிடும். கொஞ்சம் தடிமனாக வார்த்துத் தேய்த்து இறக்குவதே பாதுகாப்பு.

மேக்ஸீன் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. தண்ணீரில் கலந்து அறை வெப்பத்தில் விட்டால் அது ஆக்சிஜனேறி டைட்டானியம் டைஆக்சைடாக மாறி, கடத்துதலை இழக்கும். ஆர்கான் நிரப்பிய குப்பியில், குளிரில், இருட்டில் வைக்க வேண்டும். அதைத் தயாரிக்கப் பயன்படும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தோலின் வழியே உள்ளிறங்கி உடலின் கால்சியத்தைப் பறிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது.

## அளவீட்டில் நம்பக்கூடியதும் கூடாததும்

பெரும்பாலான ஆய்வுகளில் தூளைப் பாரஃபின் மெழுகில் கலந்து, வெளிவிட்டம் 7.00, உள்விட்டம் 3.04 மி.மீ. கொண்ட வளையமாக அழுத்தி, இணையச்சுக் குழாயில் 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கிறார்கள். 8.2–12.4 கிகாஹெர்ட்ஸுக்கு 22.86 × 10.16 மி.மீ. அலைவழிகாட்டியில் (அலையைக் கொண்டுசெல்லும் உள்ளீடற்ற உலோகக் குழாய்) செவ்வக மாதிரி. அளந்த சிதறல் மதிப்புகளிலிருந்து (மாதிரியில் பட்டுத் திரும்பியதும் கடந்து போனதும்) நிக்கல்சன், ராஸ், வையர் ஆகியோரின் முறைப்படி விடுதிறனும் உட்புகுதிறனும் பெறப்படுகின்றன. இங்கே மூன்று எச்சரிக்கைகள்.

மாதிரிக்கும் உலோகச் சுவருக்கும் இடையே இழையளவு காற்று இருந்தாலும் விடுதிறன் குறைவாகவே தெரியும். நன்றாகக் கடத்தும் மாதிரிகளில் இந்தப் பிழை மோசம். மாதிரியின் நீளம் உள் அலைநீளத்தில் பாதியாகும் அதிர்வெண்ணில் கணக்கு நிலைகுலைந்து பொய்யான சிகரங்கள் தோன்றும். உட்புகுதிறனின் இழப்புப் பகுதி எதிர்மறையாக வந்தால், "காந்த ஆற்றல் வெளியே கதிர்வீசப்படுகிறது" என்று விளக்கம் தேடுவதைவிட அளவீட்டைத் திரும்பச் செய்வது நல்லது. வெளியிலிருந்து ஆற்றல் ஊட்டப்படாத பொருள் ஆற்றலை உண்டாக்க முடியாது.

பிறகு, வளைய மாதிரியின் மதிப்புகளைச் சூத்திரத்தில் இட்டு, 1 முதல் 5 மி.மீ. வரை பல தடிமன்களுக்கு வளைகோடுகள் வரைகிறார்கள். அவற்றின் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து "14 கிகாஹெர்ட்ஸ் அகலம்" என்று சொல்வது தவறு. எந்த ஒரு தகடும் ஒரே நேரத்தில் ஐந்து தடிமன்களில் இருக்காது. அடுக்குப் பலகைக்கு உண்மையான சோதனை, உலோகத்தின் மேல் ஒட்டிய 180 அல்லது 300 மி.மீ. சதுரத் தகட்டை வளைவுச் சட்டத்தில் இரு ஆண்டெனாக்களுக்கு முன் வைத்து, வெறும் உலோகத் தகட்டோடு ஒப்பிடுவது. சாய்கோணங்களிலும் பார்க்க வேண்டும். செங்குத்தாக வரும் அலைக்குப் பொருந்திய தடிமன் 45 பாகையில் பொருந்தாது.

## தாண்ட முடியாத எல்லை

2000இல் ரோசானோவ் நிறுவிய வரம்பு ஒன்று, செய்திகளைச் சரிபார்க்கக் கைக்கடக்கமான கருவி. உலோகத்தின் மேல் ஒட்டிய, ஆற்றல் ஊட்டப்படாத எந்த உறிஞ்சிக்கும், எத்தனை அடுக்கு போட்டாலும், பட்டையும் தடிமனும் கட்டுண்டவை. காந்தமற்ற பொருளுக்கு −10 டெசிபல் அளவில் கணக்கு எளிது: பட்டையின் மிக நீளமான அலைநீளத்திலிருந்து மிகக் குறுகியதைக் கழித்து, 17.2ஆல் வகுத்தால் குறைந்தபட்சத் தடிமன். காந்தப் பொருளானால், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதற்குள்ள உட்புகுதிறனால் இதை மேலும் வகுக்கலாம்.

- 14–18 கிகாஹெர்ட்ஸ்: 0.28 மி.மீ.
- 8–12 கிகாஹெர்ட்ஸ்: 0.73 மி.மீ.
- 2–6 கிகாஹெர்ட்ஸ்: 5.8 மி.மீ.
- 2–18 கிகாஹெர்ட்ஸ்: 7.8 மி.மீ.

முதல் மூன்றும் ஒரே 4 கிகாஹெர்ட்ஸ் அகலம்தான். ஆனால் தாழ்ந்த பட்டையில் தேவைப்படும் தடிமன் இருபது மடங்கு. அகலத்தை மட்டும் சொல்லி, அது எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லாத அறிவிப்பு பாதி தகவலே. காந்தமற்ற 2 மி.மீ. படலம் 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை 90% உறிஞ்சுகிறது என்று யாராவது சொன்னால், அளவீட்டைப் பார்க்காமலே மறுக்கலாம்.

மேலே கணக்கிட்ட 7.8 மி.மீ. இரட்டை அடுக்கு 8–12 கிகாஹெர்ட்ஸை மட்டுமே மூடியது. அதற்கான வரம்போ 0.73 மி.மீ. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வெளி இருக்கிறது. நிரப்பியின் படிநிலைப் பரவல், செதில்களின் திசையமைப்பு, காந்த அடி அடுக்கு, மேல் அடுக்கில் அச்சிட்ட மின்தடை வடிவங்கள் என்று இப்போது நடக்கும் வேலைகள் அந்த வெளிக்குள்தான் நடக்கின்றன.